சின்ன லிஸ்ப்புக்குப் பட்டியல் மட்டும் போதுமா, அணியும் வேண்டுமா?

லிஸ்ப் என்ற நிரல் மொழியின் குட்டி வடிவம் ஒன்றைச் சொந்தமாக எழுத உட்காருபவர் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார். நிரலைப் படிக்கும் ரீடர் ஓடுகிறது, அதை இயக்கும் இவால் ஓடுகிறது, இரண்டு மதிப்பை ஒரு செல்லாக (சோடியாக) சேர்க்கும் கான்ஸும் அதன் முதல் பாதியையும் மறு பாதியையும் எடுக்கும் காரும் குடரும் இருக்கின்றன, நிரலை எழுதித் தரும் மேக்ரோகூட வந்தாயிற்று. அடுத்து என்ன? ஒவ்வொரு செல்லும் அடுத்ததைச் சுட்டும் லிங்க்டு லிஸ்ட் என்கிற இணைப்புப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வதா, உறுப்புகளை அடுத்தடுத்து வைக்கும் அரே என்கிற அணியையும் மொழிக்குள் கொண்டுவருவதா? சேர்த்தால் மொழி பருத்துவிடும் என்று தோன்றும். சேர்க்காவிட்டால் இதில் உருப்படியாக ஒன்றும் எழுத முடியாது என்றும் தோன்றும்.

இரண்டு பக்கமும் நல்ல மொழிகள் இருக்கின்றன. பிகோலிஸ்ப்பில் அணி கிடையாது. அதை வைத்துக்கொண்டு வணிக மென்பொருளே எழுதுகிறார்கள். ஸ்கீமில் வெக்டர் என்ற பெயரில் அணி உண்டு. அதற்காக அதை யாரும் பருத்த மொழி என்று சொன்னதில்லை. ஆர்க்கில் அணிக்குப் பதில், சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஹேஷ் டேபிள். ஜேனட்டில் நிலைமை தலைகீழ்: அணி இருக்கிறது, கான்ஸ் செல்தான் இல்லை. ஆகவே ‘லிஸ்ப் என்றாலே பட்டியல்தானே’ என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அணி வேண்டும். வேகம் அதற்கு இரண்டாவது காரணம்தான். மொழியைச் சின்னதாக வைத்திருக்கவே அணி வேண்டும் என்பது என் வாதம்.

ஆதி லிஸ்ப் எப்படி இருந்தது

பட்டியல் மட்டும் போதும் என்பவர்கள் அடிக்கடி ஆதி லிஸ்ப்பைச் சாட்சிக்கு அழைப்பார்கள். ஜான் மெக்கார்த்தியின் கட்டுரை 1960-ல் வந்தது. அதில் உள்ள லிஸ்ப், அணுக்களும் (பிரிக்க முடியாத மதிப்புகள்) சோடிகளும் மட்டுமே கொண்டது. அது ஓடிய ஐபிஎம் 704 இயந்திரத்தில் ஒரு வேர்டுக்கு, அதாவது நினைவகத்தின் ஓர் அலகுக்கு, 36 பிட். அந்த 36 பிட்டுக்குள் 15 பிட் கொண்ட இரண்டு முகவரிகளை வைக்க இடமிருந்தது. கார், குடர் என்ற பெயர்களே அந்த இரண்டு பகுதிகளிலிருந்து வந்தவைதான். ஒரு கான்ஸ் செல் ஒரே வேர்டில் உட்கார்ந்துவிட்டது. 15 பிட் முகவரி என்றால் அதிகபட்சம் 32,768 வேர்டு. கேஷ் என்ற, பிராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் வேக நினைவகம் அப்போது இல்லாததால் நினைவகத்தில் எந்த முகவரியைத் தொட்டாலும் ஒரே செலவு. அடுத்தடுத்து இருக்கும் தரவைப் படிப்பதற்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. பட்டியலுக்கு அதைவிட வாகான இயந்திரம் கிடைத்திருக்காது.

அப்படியிருந்தும் 1962-ல் வந்த லிஸ்ப் 1.5 கையேட்டில் அணி வந்துவிட்டது, மூன்று பரிமாணம் வரைக்கும். எனவே அணியில்லாத தூய லிஸ்ப் என்பது நடைமுறையில் நீண்ட நாள் நிலைத்த ஒன்றல்ல.

இன்றைய நினைவகத்தில் ஒரு செல்

இன்றைய 64 பிட் இயந்திரத்தில் ஒரு கான்ஸ் செல் வழக்கமாக 16 பைட். எட்டு பைட்டில் மதிப்பு, எட்டு பைட்டில் அடுத்த செல்லின் முகவரி. அணியில் ஒரு உறுப்புக்கு எட்டு பைட். நீளத்தைக் குறித்துவைக்கத் தலைப்பில் ஒரே ஒரு முறை கொஞ்சம் கூடுதல். பத்து லட்சம் எண்கள் என்றால் பட்டியலுக்கு 1.6 கோடி பைட், அணிக்கு 80 லட்சம். இரண்டு மடங்கு வித்தியாசத்துக்காக யாரும் மொழியை மாற்றப்போவதில்லை.

தரவு பைட்டாக இருக்கும்போதுதான் கணக்கு உறைக்கிறது. ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, புள்ளிக்கு ஒரு பைட். பைட் அணியில் அது பத்து லட்சம் பைட். ஒவ்வொரு புள்ளியையும் ஒரு செல்லில் வைத்தால் 16 மடங்கு. கோப்பு படிப்பது, நெட்வொர்க்கில் அனுப்புவது, சி லைப்ரரி ஒன்றைக் கூப்பிடுவது, எல்லாமே பைட் வேலை.

இடத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பட்டியலில் அடுத்த செல் எங்கே என்பது கையிலிருக்கும் செல் நினைவகத்திலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். பிராசஸர் முன்கூட்டியே எதையும் வரவழைத்து வைக்க முடியாது. கேஷில் இல்லாத முகவரிக்கு ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான கிளாக் சைக்கிள் காத்திருக்க வேண்டும். அணியில் 64 பைட் கேஷ் வரி ஒன்று வந்தால் எட்டு உறுப்புகள் கூடவே வரும். அடுத்த வரியும் வழியில் இருக்கும்.

ஆனால் இந்த வாதத்தை ஊதிப் பெரிதாக்குபவர்களும் உண்டு. பட்டியலை மோசமாகக் காட்ட வேண்டுமென்றே செல்களை நினைவகம் முழுக்கச் சிதறவிட்டுவிட்டு அளக்கும் பெஞ்ச்மார்க்குகளை நான் நம்புவதில்லை. நிஜ லிஸ்ப்பில் செல்கள் பெரும்பாலும் வரிசையாகவே பிறக்கின்றன. பயனில்லாத செல்களை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் நகலெடுக்கும் வகையாக இருந்தால் அது ஓடும்போது சிதறிய பட்டியலும் மறுபடி ஓரளவு நேராகிவிடும். தலையிலிருந்து வால்வரை ஒருமுறை நடப்பதுதான் வேலை என்றால் பட்டியல் அவ்வளவு பின்தங்குவதில்லை.

பின்தங்குவது நடுவில் இருக்கும் ஒன்றைக் கேட்கும்போது. லிஸ்ப்பில் பெயர்கள் நம் இஷ்டம் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்:

```
(வரையறு (எடு ப எண்)
  (எனில் (= எண் 0)
      (கார் ப)
      (எடு (குடர் ப) (- எண் 1))))
```

ஒரு லட்சம் உறுப்புள்ள பட்டியலில் 0, 1, 2 என்று வரிசையாக ‘எடு’ போட்டால் மொத்தம் சுமார் 500 கோடி அடி நடக்க வேண்டும். பைத்தானிலிருந்தோ சி-யிலிருந்தோ வருபவர் முதல் நாளே இதைத்தான் எழுதுவார். எழுதிவிட்டு மொழி மந்தம் என்பார்.

சல்லடை: பாதி தவறு யாருடையது?

அணியின் பக்கம் பேசுபவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வது பகா எண்களைச் சலித்தெடுக்கும் எரடோஸ்தீனிஸ் சல்லடையை. பட்டியலில் பலரும் எழுதுவது இப்படி இருக்கும்:

```
(வரையறு (சல்லடை ப)
  (எனில் (வெறுமை? ப)
      ப
      (கான்ஸ் (கார் ப)
             (சல்லடை
               (நீக்கு (லாம்டா (எ) (வகுபடும்? எ (கார் ப)))
                      (குடர் ப))))))
```

பார்க்க அழகுதான். பத்து லட்சம் வரை கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்துக்குள் 78,498 பகா எண்கள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய எல்லாப் பகா எண்களாலும் சோதிக்கப்பட்ட பிறகே தப்பிக்கிறது. பகா எண்களுக்கு மட்டுமே 308 கோடி வகுத்தல் சோதனைகள். அணியில் எழுதினால் ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அதன் வர்க்கத்திலிருந்து தொடங்கி அடித்துக்கொண்டே போவோம். மொத்தம் சுமார் 21 லட்சம் அடித்தல். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். வழக்கு முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. மேலே உள்ள நிரலில் ஒரு சின்ன மாற்றம்: தலையில் நிற்கும் எண் ஆயிரத்தைத் தாண்டியதும் மீதிப் பட்டியலை அப்படியே திருப்பித் தந்துவிடலாம், ஏனென்றால் பத்து லட்சத்தின் வர்க்கமூலம் ஆயிரம். ஆயிரத்துக்குள் 168 பகா எண்கள்தான். இப்போது பகா எண்களுக்கான சோதனை 1.3 கோடியாகச் சுருங்குகிறது. கூட்டெண்களையும் சேர்த்தால்கூட 2 கோடிக்குள். ஆயிரம் மடங்கு வித்தியாசம் பத்து மடங்குக்குள் வந்துவிட்டது. அணி வென்றதாகச் சொல்லப்படும் பல போட்டிகளில் பெரும்பங்கு வெற்றி இப்படித் தோற்றவர் மோசமாக ஆடியதால் வந்தது. வரிசைப்படுத்துவதற்கும் அப்படியே: மெர்ஜ் சார்ட்டுக்கு அணி தேவையே இல்லை, பட்டியலில் அது இன்னும் இயல்பாக உட்காரும். சீட்டுக் குலுக்குவது போன்ற வேலைக்குக்கூட ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சீரற்ற எண்ணை ஒட்டி வரிசைப்படுத்தினால் போதும்.

மீதமிருக்கும் பத்து மடங்கைத்தான் பட்டியலால் எந்தச் சாமர்த்தியத்தாலும் முழுதாக மீட்க முடிவதில்லை. எதையும் சோதிக்காமல் எண்ணை வைத்தே நேராக ஓர் இடத்துக்குப் போவது என்ற செயல் பட்டியலில் கிடையாது. இது பொறியியல் குறையல்ல, கணித வரம்பு. பாயிண்டர் (வேறோர் இடத்தைச் சுட்டும் முகவரி) மட்டுமே உள்ள இயந்திரத்தில், முகவரியைக் கணக்கிட்டு அணுகும் இயந்திரத்தைப் போலச் செய்வதற்குப் பொதுவாக லாகரிதம் அளவுக்குக் கூடுதல் செலவு தவிர்க்க முடியாதது என்று அமீர் பென்-அம்ராமும் ட்ஸ்வி கலிலும் 1992-ல் காட்டினார்கள். அந்தக் கூடுதல் செலவு எவ்வளவு? பத்து லட்சம் உறுப்புகளை எண்ணின் பிட்டுகளையே வழியாகக் கொண்ட இருகிளை மரத்தில் வைத்தால் 20 அடி. பட்டியலின் சராசரி ஐந்து லட்சம் அடியோடு ஒப்பிட்டால் 20 ஒன்றுமே இல்லை. அணியின் ஒரே அடியோடு ஒப்பிட்டால் 20 மடங்கு. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அணியே வேண்டாம் என்பவர்கள்

பிகோலிஸ்ப்பின் வழி அதுதான். எண், சிம்பல், பட்டியல், அவ்வளவே. எல்லாமே ஒரே அளவுள்ள செல்களால் ஆனவை. பெரிய எண்கூட செல்களின் சங்கிலிதான். எண்ணை வைத்துத் தேட வேண்டுமானால் இருகிளை மரத்தைப் பராமரிக்கும் ஃபங்ஷன்கள் மொழியிலேயே இருக்கின்றன.

இதற்குப் பின்னால் உள்ள லாபத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. எல்லாப் பொருளும் ஒரே அளவு என்றால் கார்பேஜ் கலெக்டரை ஒரே உட்காரலில் எழுதி முடித்துவிடலாம். உபயோகத்தில் இருப்பதைக் குறி, குறியில்லாததைக் காலிப் பட்டியலில் கோர், வேலை முடிந்தது. துண்டுதுண்டாக இடம் வீணாவது என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் எந்தக் காலி இடமும் எந்தப் புதிய செல்லுக்கும் பொருந்தும். அணி உள்ளே வந்த கணமே இந்த நிம்மதி போய்விடும். மூன்று உறுப்பு அணி ஒன்று, மூன்று லட்சம் உறுப்பு அணி ஒன்று. இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் ஓட்டைகளை என்ன செய்வது? குட்டி லிஸ்ப் எழுதுபவர்கள் அணியைத் தள்ளிப்போடுவதற்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். வெளியே அழகியலைச் சொல்வார்கள்.

இந்தக் கட்சியின் இன்னொரு எல்லையில் பால் கிரகாமின் பெல் நிற்கிறது. 2019-ல் வெளிவந்த அதில் அடிப்படை வகைகள் நான்குதான்: சிம்பல், சோடி, எழுத்து, ஸ்ட்ரீம். எண்ணே பட்டியலால் ஆனது. அணியும் உண்டு, அதுவும் பட்டியலால் செய்த அணி. அதாவது அணி என்ற கருத்து இருக்கிறது, அணியின் வேகம் இல்லை. ஒரு மொழியை அந்த மொழியிலேயே வரையறுத்துக் காட்டுவது நோக்கமாக இருக்கும்போது அது சரியான முடிவு. அன்றாடம் நிரல் எழுத அதை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். அதற்காக அது எழுதப்படவும் இல்லை.

நடுவழிகள்

ஹேஷ் டேபிள் கொடுத்துவிட்டால் அணி எதற்கு என்று கேட்பது ஆர்க் பாணி. அணி என்பது 0, 1, 2 என்று எண்களையே சாவியாகக் கொண்ட டேபிள்தானே? கருத்தளவில் மறுக்க முடியாது. லுவாவில் டேபிள் ஒன்றே எல்லாம். 2003-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்து எண் சாவிகளுக்கு டேபிளுக்குள்ளேயே ஓர் அணிப் பகுதி ஒளிந்திருக்கிறது. நிரல் எழுதுபவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஆனால் நடுவில் ஓட்டை விழுந்த டேபிளின் நீளம் என்ன என்ற கேள்விக்கு லுவாவில் ஒரே பதில் கிடையாது. அந்தக் குழப்பத்தில் மாட்டாத லுவா பயனர் அபூர்வம். சாவி வரிசை, நீளம், எல்லை தாண்டியதா என்ற சோதனை என்று அணி இயல்பாகத் தரும் எல்லாவற்றையும் டேபிளில் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலையே வேகமாக்கிவிடலாம் என்பது இன்னொரு கனவு. எம்ஐடி-யின் லிஸ்ப் மெஷின்களில் குடர்-கோடிங் என்ற உத்தி இருந்தது. செல்லில் இரண்டு பிட்டை ஒதுக்கி ‘அடுத்த உறுப்பு பக்கத்திலேயே இருக்கிறது’ என்று குறித்துவிட்டால் பாயிண்டரே வேண்டாம். பட்டியலின் இடம் பாதியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு செல்லிலும் அந்த பிட்டுகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதால் நூறாவது உறுப்புக்கு நேராகத் தாவ முடியாது. சாதாரண பிராசஸர்களில் அந்தச் சோதனையே சுமையாகி, உத்தி வழக்கொழிந்தது.

கிறிஸ் ஒகசாகி 1995-ல் கொடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. பட்டியலை அளவு கூடிக்கொண்டே போகும் முழு மரங்களின் தொடராக வைப்பார். கான்ஸ், கார், குடர் மூன்றும் வழக்கம்போல மாறாத நேரத்தில் நடக்கும். நடுவில் உள்ளதை எடுப்பதும் மாற்றுவதும் லாகரிதம் நேரத்தில் நடக்கும். ஒரே வகை, இரண்டு வேலை. மினிமலிஸ்ட் மனசுக்கு இதைவிட இனிப்பானது கிடைக்காது. ஸ்கீமின் கூடுதல் வசதிகளுக்கான முன்மொழிவுகளில் ஒன்றாக, 2009-ல் எஸ்ஆர்எஃப்ஐ 101 என்ற பெயரில் இது வந்தும்விட்டது. விலை என்ன? சோடியின் குடரை இருந்த இடத்திலேயே மாற்றும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். கான்ஸ் செல் இரண்டு வேர்டு என்ற எளிமையும் போய்விடும். இன்டர்பிரெட்டரின் மிகச் சூடான பாதையில் நிற்கும் கான்ஸும் குடரும் மரக் கணக்குப் போட ஆரம்பிக்கும். எப்போதாவது தேவைப்படும் தாவலுக்காக, எப்போதும் தேவைப்படும் நடையை மந்தமாக்குவது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

குளோஜரின் வெக்டர் இதே ஆசையின் வேறு வடிவம். 2007-ல் வந்த குளோஜர், 32 கிளை கொண்ட மரத்தை வைத்து மாற்ற முடியாத வெக்டர்களைத் தருகிறது. பத்து லட்சம் உறுப்புகளுக்கு நான்கு மட்டம் போதும். ஓர் உறுப்பை மாற்றினால் அந்தப் பாதையில் உள்ள நான்கு கணுக்கள் மட்டும் நகலாகும், மீதி எல்லாம் பழையதோடு பகிர்ந்துகொள்ளப்படும். அருமையான அமைப்பு. ஆனால் அந்த ஒவ்வொரு கணுவும் என்ன? 32 இடம் கொண்ட சாதாரண அணி! அணி இல்லாத மொழியில் குளோஜர் வெக்டரை எழுதவே முடியாது.

தலைகீழ் வழி

ஜேனட், லுவாவின் மேல் ஓடும் ஃபென்னல் இரண்டும் அணியை அடிப்படையாக்கி, கான்ஸை வெளியே நிறுத்திவிட்டன. ஜேனட்டில் அடைப்புக்குறிக்குள் எழுதும் நிரலே டியூப்பிள் என்ற, மாறாத அணிதான். மேக்ரோக்களுக்கு இது எந்தத் தடையும் இல்லை. நிரலே தரவு என்ற லிஸ்ப்பின் குணத்துக்குக் கான்ஸ் செல் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

போவது வேறொன்று. ‘முதல் உறுப்பை எடு, மீதியோடு உன்னையே கூப்பிடு’ என்ற பழக்கம் அணியில் விலையுயர்ந்தது. அணியின் ‘மீதி’ என்றால் நகலெடுக்க வேண்டும்; ஒரு லட்சம் உறுப்புக்கு அதே 500 கோடி கணக்கு இங்கே நகலெடுப்பாக வந்து நிற்கும். அதனால் இந்த மொழிகளில் எழுதுபவர்கள் சுற்று (லூப்) போடுகிறார்கள். அடைப்புக்குறி லிஸ்ப்பினுடையது, கை பழக்கம் லுவாவினுடையது. வேலைக்கு அது வசதிதான். ஆனால் வாலைப் பகிர்ந்துகொள்வது, தலையில் ஒட்டினால் பழையதும் புதியதும் சேர்ந்தே வாழ்வது ஆகிய கான்ஸின் சுகங்களை இழந்துவிட்டு அதை லிஸ்ப் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

எதை எதிலிருந்து செய்ய முடியும்?

மினிமலிசம் என்றால் வகைகளை எண்ணிக் குறைப்பது என்று எடுத்துக்கொண்டால் அணியை நீக்குவது வெற்றி. மொழிக்கு வெளியே, சி-யிலோ வேறெதிலோ எழுத வேண்டிய அடிப்படைகளைக் குறைப்பது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. நான் இரண்டாவதைத்தான் உண்மையான மினிமலிசம் என்று கருதுகிறேன்.

முதலில் சோடியை எடுத்துக்கொள்வோம். பெயரில்லாத ஃபங்ஷனை உருவாக்கும் லாம்டா இருந்தால் சோடியைச் செய்துவிடலாம்:

```
(வரையறு (கான்ஸ் அ ஆ) (லாம்டா (தேர்வு) (தேர்வு அ ஆ)))
(வரையறு (கார் சோ)  (சோ (லாம்டா (அ ஆ) அ)))
(வரையறு (குடர் சோ) (சோ (லாம்டா (அ ஆ) ஆ)))
```

இது வேலை செய்யும், மாறாத நேரத்தில். அணி இருந்தாலும் சோடி கிடைத்துவிடும். இரண்டு இடம் கொண்ட அணிதானே அது. எதிர்த்திசையில் இது நடக்காது. சோடிகளை எத்தனை அடுக்கினாலும் அணியின் ஒரே தாவல் கிடைக்காது என்பதைத்தான் மேலே சொன்ன 1992 முடிவு சொல்கிறது. செய்ய முடிந்ததை அடிப்படையாகக் கொடுத்துவிட்டு, செய்ய முடியாததைக் கொடுக்காமல் விடுவது விநோதமான சிக்கனம்.

அந்தச் சிக்கனத்தின் பில் பிறகு வரும். பயனர் ஹேஷ் டேபிள் கேட்பார். அணி இருந்தால் அதை லிஸ்ப்பிலேயே எழுதலாம்: அணி ஒன்று, ஒவ்வோர் இடத்திலும் சாவியும் மதிப்பும் கொண்ட ஒரு சின்னப் பட்டியல், ஒரு ஹேஷ் ஃபங்ஷன். அணி இல்லையா, சி-யில் எழுதி அடிப்படையாகத் திணிக்க வேண்டும். அடுத்து பெயரிட்ட புலங்கள் கொண்ட ரெக்கார்டு. அதையும் அணியின் மேல் மேக்ரோவாகக் கட்டலாம். பிறகு முன்னுரிமை வரிசைக்கான ஹீப், டைனமிக் புரோகிராமிங் அட்டவணை, வளையமாகச் சுற்றும் பஃபர், வளரும் ஸ்ட்ரிங், மேட்ரிக்ஸ், குளோஜர் பாணி வெக்டர்... ஒன்றொன்றாக வரும். அணியை மறுத்த மொழி இவற்றில் பாதியை மறுக்கும், மீதியை சி-யில் எழுதும். கடைசியில் எண்ணிப் பார்த்தால் அடிப்படைகள் அதிகமாகியிருக்கும். ஆர்க் ஹேஷ் டேபிளைச் சிரமமில்லாமல் தர முடிந்ததற்குக் காரணம் அது கீழே இருந்த ஸ்கீமின் மேல் சவாரி செய்ததுதான்.

இந்த வாதம் பலவீனமாகும் இடத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் லிஸ்ப் ஜாவாஸ்கிரிப்டின் மேலோ பைத்தானின் மேலோ ஓடுகிறதென்றால் டேபிளும் ஸ்ட்ரிங்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘மொழிக்குள்ளேயே எழுத வேண்டும்’ என்ற நெருக்கடியே இல்லை. அங்கே ஆர்க்கின் முடிவு முற்றிலும் நியாயமானது.

அணியின் உண்மையான செலவு

நினைவக மேலாண்மைச் சிக்கலை ஏற்கெனவே சொன்னேன். அதைச் சுற்றிப்போக எளிய வழி உண்டு: செல்கள் இருக்கும் நினைவகப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, அணியின் உடலை மட்டும் சி-யின் மாலக் என்ற நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன் மூலம் வெளியே ஒதுக்கி, அதன் முகவரியை ஒரு சாதாரண செல்லில் வைக்கலாம். கலெக்டர் அந்த செல்லைக் குறிக்கும்போது உடலுக்குள்ளும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். செல் குப்பையாகும்போது உடலின் இடத்தைத் திருப்பித் தர (ஃப்ரீ செய்ய) வேண்டும். ஒரே அளவு செல் என்ற நிம்மதி பெருமளவு தப்பித்துவிடும்.

பெரிய செலவு லைப்ரரியில் இருக்கிறது, அதைத்தான் மொழி வடிவமைப்பவர்கள் கவனக்குறைவாகக் கட்டிவிடுகிறார்கள். 2013-ல் வந்த ஸ்கீம் தரநிலையான ஆர்7ஆர்எஸ்-ஐப் பாருங்கள். ஒவ்வோர் உறுப்பின் மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் மேப் பட்டியலுக்கு ஒன்று, வெக்டருக்கு ஒரு மேப், ஸ்ட்ரிங்குக்கு ஒரு மேப். ஃபார்-ஈச் அதேபோல மூன்று. நகலெடுக்க, நிரப்ப, ஒன்றை மற்றொன்றாக்க என்று குடும்பம் வளர்ந்துகொண்டே போகிறது. காமன் லிஸ்ப் இதைத் தவிர்க்க இரண்டுக்கும் பொதுவான ஃபங்ஷன்களைத் தந்தது. அங்கே வேறு தொல்லை: ‘எல்ட்’ என்ற ஒரே பெயர் அணியில் ஒரு அடி, பட்டியலில் ஆயிரம் அடி. எழுதியிருப்பதைப் பார்த்து விலையைச் சொல்ல முடியாது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். பெயர் நீளமாக இருப்பது எரிச்சல். விலை மறைந்திருப்பது ஆபத்து.

எனவே என் சிபாரிசு: அணியை உள்ளே விடுங்கள், ஆனால் கீழ்த்தளத்தில் குடியிருக்கும்படி விடுங்கள். நான்கே ஃபங்ஷன்: உருவாக்கு, எடு, வை, நீளம். மேப் வேண்டாம், வடிகட்டு வேண்டாம், தனி எழுத்துவடிவம்கூட முதல் பதிப்பில் வேண்டாம். வரிசையான தரவை மாற்றி மாற்றிக் கையாள்வதற்குப் பட்டியல் இருக்கிறது. அது மொழியின் முகமாகவே இருக்கட்டும். ஹேஷ் டேபிள் எழுதுபவரும் ரெக்கார்டு மேக்ரோ எழுதுபவரும் அணியைத் தொடுவார்கள். மற்றவர்கள் மாதக்கணக்கில் அதைப் பார்க்காமலே எழுதலாம்.

ஆளாளுக்கு முடிவு மாறும். லிஸ்ப் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்ளவே எழுதுகிறீர்கள் என்றால் பட்டியலோடு நில்லுங்கள்; அணி சேர்ப்பதால் புதிதாக எதுவும் புரியப்போவதில்லை, கலெக்டர்தான் சிக்கலாகும். வேறொரு மொழியின் மேல் ஸ்கிரிப்ட் எழுதுவதற்கான லிஸ்ப் என்றால் அந்த மொழியின் டேபிளைத் திறந்துவிடுங்கள். மாறாத தரவையே கொள்கையாக வைத்திருப்பவர்கள் ஒகசாகியின் பட்டியலை ஒருமுறை எழுதிப் பார்த்து, இன்டர்பிரெட்டரின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளந்துவிட்டு முடிவெடுக்கலாம். தன் லைப்ரரியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும், ஒருநாள் தன் கம்பைலரையும் தானே எழுத வேண்டும் என்ற ஆசை உள்ள மொழிக்கு அணி முதல் நாளிலிருந்தே வேண்டும்.

சேர்ப்பதென்று முடிவானால் சில சில்லறை விஷயங்களை முன்கூட்டியே தீர்த்துவிடுவது நல்லது. நீளம் நிலையானதாக இருக்கட்டும். தானாக வளரும் அணி, இடம் போதாதபோது இரட்டிப்பாக்கி நகலெடுக்கும் ஒரு சின்ன லைப்ரரி. எல்லை தாண்டினால் ‘நில்’ (nil) என்ற வெறுமதிப்பைத் திருப்பாமல் பிழை எழுப்புங்கள். வெறுமையின் கார் வெறுமை என்பது பட்டியலில் வசதி, அணியில் அதே தாராளம் தவறான கணக்கை மறைத்துவிடும். பிறகு எப்போதாவது தனி எழுத்துவடிவம் சேர்த்தால் அது தன்னையே மதிப்பாகத் தரட்டும். ஆர்5ஆர்எஸ் என்ற முந்தைய தரநிலையின் ஸ்கீமில் வெக்டரை எழுதும்போது முன்னால் மேற்கோள் குறி கட்டாயம் என்றிருந்தது. ஆர்7ஆர்எஸ்-ல் அதை எடுத்துவிட்டார்கள். பைட் அணியை மட்டும் தனி வகையாக வைக்கலாம், அதுவும் கோப்போ சாக்கெட்டோ மொழிக்குள் நுழையும் நாளில்.